மார்கழியில் வந்த சிக்னல்

அன்று காலை மருதையன் சாருக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் மணி அடித்து ஓய்ந்தது. எரிச்சலில் ஒரு செய்தி அனுப்பினேன்: "போனைக்கூட எடுக்க முடியாத அளவுக்கு ரிட்டையர் ஆயிட்டீங்களா?" பதினோரு மணிக்கு அதே எண்ணிலிருந்து அவர் மனைவி செல்வி பேசினார். "மேடம், நீங்க போன் பண்ணப்பல்லாம் போனு அவங்க பக்கத்துலதான் கெடந்துச்சு. விடியக்காலையிலயே போயிட்டாங்க மேடம். யாரு எடுக்கறதுன்னு தெரியாம எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தோம்." நெஞ்சு வலி என்று எழுந்தவர் தண்ணீர் கேட்டாராம். தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. என்னுடைய அந்த நக்கல் செய்தி இன்னும் அவர் போனில் இருக்கிறது. செல்வி அதைப் படித்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

துறையின் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்றார்கள். இது இரண்டு பக்கத்தில் அடங்காது, அடக்கவும் மாட்டேன். தஞ்சாவூரில் எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறையில் இருபத்து மூன்று ஆண்டுகள் நானும் அவரும் ஒரே ஆய்வகத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஒரு சிறிய மின் உலை, ஒரு தராசு, இரண்டு நாற்காலிகள். நாற்காலிகளில் ஒன்றுதான் ஆடாது. அதில் யார் முதலில் வந்து உட்காருவது என்பதில்கூட எங்களுக்குள் போட்டி உண்டு. பெரும்பாலும் நன்னிலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் அவர்தான் ஜெயிப்பார். தஞ்சாவூரிலேயே குடியிருக்கும் நான் தாமதமாகப் போவேன்.

இரங்கல் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. பேனரில் போட்டிருந்த படம் யாரோ ஒரு கல்யாணத்தில் எடுத்தது, பாதி முகத்தை மாலை மறைத்திருந்தது. அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த பொருளின் பெயரைப் பேசியவர்களில் ஒருவர்கூடச் சரியாக உச்சரிக்கவில்லை. போகட்டும். எங்கள் துறைத் தலைவர் பேசினார். நல்ல மனிதர்தான், எங்களுக்குப் பிறகு வந்தவர், கேள்விப்பட்டதைச் சொன்னார். "சாரோட வாழ்க்கையில ஒரே ஒரு சறுக்கல். அந்தப் பேப்பர். அது மட்டும் நடக்காம இருந்திருந்தா சார் எங்கயோ போயிருப்பாங்க." கூட்டம் தலையை ஆட்டியது. இரண்டாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சறுக்கல் அவருடையது இல்லை என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அங்கே சொல்லாததைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களின் ஆக்ஸைடையும் குரோமியம் ஆக்ஸைடையும் சரியான எடையில் கலந்து, அரைத்து, அழுத்தி வில்லையாக்கி, உலையில் சுட்டால் குரோமைட் என்ற பொருள் கிடைக்கும். நல்ல குளிரில் இதற்குள் காந்த ஒழுங்கு பிறக்கும். இதே பொருளில் மின் ஒழுங்கும் உண்டா, அதாவது மின்புலத்தைக் காட்டித் திருப்பினால் திரும்பி, எடுத்த பிறகும் திரும்பியபடியே நிற்குமா என்பதுதான் உலகமெங்கும் பலரைப் பிடித்து ஆட்டும் கேள்வி. காந்தமும் மின்னும் ஒரே பொருளில் கைகோத்துக்கொண்டால் அதில் நினைவகச் சில்லு செய்யலாம், சென்சார் என்கிற உணர்வி செய்யலாம். அதனால் ஆளாளுக்கு "இருக்கிறது" என்று எழுதினார்கள். மருதையன் சார் மட்டும் "இருக்கலாம்" என்றே எழுதினார். அந்த ஒரு சொல்லுக்காக அவரோடு நான் போட்ட சண்டைக்கு அளவே கிடையாது.

அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு உதாரணம். எங்கள் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு, நான்தான் அமைப்பாளர். வெளியூரிலிருந்து ஒரு பெரிய நிபுணரைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தேன். மருதையன் சார் தன் முறை வந்ததும் திரையில் ஒரு வளைவைக் காட்டினார். மின்புலத்தை ஏற்றி இறக்கும்போது பொருள் போய் வரும் பாதை அது. மின் ஒழுங்கு உள்ள பொருளில் அது மூடிய கண்ணி போல் வரும், லூப் என்போம். "ரொம்ப அழகான லூப்" என்று நிபுணர் மனம் விட்டுப் பாராட்டினார். எந்த அருமண் என்றும் கேட்டார். "இட்லி அரிசி சார். மாவைக் கொஞ்சம் ஈரத்தோட வில்லையா அழுத்திப் போட்டேன்" என்றார் இவர். பின்வரிசை மாணவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. ஈரம் இருந்தால் மின்சாரம் கசியும், கசிந்தால் எந்தக் குப்பையிலும் லூப் வரும் என்று அவர் விளக்கியதெல்லாம் என் காதில் ஏறவே இல்லை. நிபுணர் மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டார். "உங்களுக்கு மனுஷங்ககூடப் பழகவே தெரியாதா சார்?" என்று கத்தினேன். "லூப் வந்தா சந்தோஷப்படாதீங்க மேடம். மொதல்ல எங்க கசியுதுன்னு பாருங்க" என்றார்.

இன்னொரு வழக்கம், உலைப் பதிவேடு. உலை மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஒரு சின்ன மீட்டர் அதன் பக்கவாட்டில் இருக்கிறது. உலையைப் போடுகிறவர்கள் தேதி, பெயர், பொருள், வெப்பநிலை, தொடங்கும்போதும் முடியும்போதும் மீட்டர் காட்டிய எண் எல்லாவற்றையும் எழுத வேண்டும். மாணவர்கள் மறப்பார்கள். நானும் மறப்பேன். வேறு யாராக இருந்தாலும் தானே நிரப்பிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் தேதியையும் தொடக்க எண்ணையும் மட்டும் போட்டு, மீதி வரியைக் காலியாக விட்டுவிடுவார். "செஞ்சவங்க எழுதணும் மேடம். நா எழுதுனா அது நான் கேள்விப்பட்டதாத்தான் இருக்கும்" என்பார். வரி காலியாக இருக்கிறது என்று யாரையும் துரத்த மாட்டார். சம்பந்தப்பட்டவர்கள் என்றாவது வந்து பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவார்கள்.

இனி அந்த நாள். குறுவை அறுவடை நேரம், மழை பிடித்துக்கொண்ட ஐப்பசி. அவர் அப்பா ஒரு காலத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களின் வயலில் கூலிக்கு நடவு செய்தவர். பிறகு குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகப் பயிர் வைத்தார். நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்தில் கொட்டியிருந்தார்கள். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது, எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவால் முடியாது என்று இவர் ஓடினார். போகும்போது என்னிடம் சொன்னார்: "மேடம், நியோடிமியம் ஆக்ஸைடு காத்துல ஈரத்தைக் குடிச்சிருக்கும். ஆயிரம் டிகிரியில ஆறு மணி நேரம் சுட்டு, ஆறினதும் உடனே எடை போட்டுடுங்க." எனக்குத் தெரியாததா? நம்மூர்க் காற்றில் ஐப்பசி மாதத்தில் உப்பு ஜாடியே கசியும். அந்தத் தூள் ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சிக் கனத்துக் கிடக்கும். அப்படியே நிறுத்தால் நியோடிமியம் குறையும், குரோமியம் மிஞ்சும்.

அன்று பார்த்து மதியம்வரை கரண்ட் இல்லை. மறுநாள் காலை வேறொரு நிறுவனத்தின் பெரிய உலையில் கலவையைச் சுட எங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதை விட்டால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஆறு மணி நேரம் சுட்டு, ஆறவிட்டு, எடை போட்டு, அரைத்து, வீட்டுக்கு எப்போது போவது? டப்பாவைத் திறந்து அப்படியே நிறுத்தேன். கல்வத்தில் போட்டு அரைத்துக்கொண்டிருக்கும்போது அவர் போன் செய்தார். பின்னால் டிராக்டர் சத்தம். நெல்லை ரோட்டில் பரப்பி, மழை விட்ட நேரமெல்லாம் காலால் துழாவிக்கொண்டிருக்கிறார்களாம்.

"சுட்டாச்சா மேடம்?"

"ஆச்சு."

"எடை?"

"எல்லாம் ஆச்சு சார். நீங்க மொதல்ல நெல்லைக் காய வைங்க."

அவர் இரண்டு நாள் காய வைத்தார். நெல் பதினேழுக்குள் வந்த பிறகுதான் ஏற்றினார்.

மார்கழியில் எங்களுக்குச் சிக்னல் வந்தது. எங்கள் பொருளில் காந்த ஒழுங்கு வர அறை வெப்பநிலையிலிருந்து வெகுதூரம் கீழே இறங்க வேண்டும். ஆனால் இதுவோ சாதாரண அறையில், காந்தத்தை மாற்றினால் மின் சிக்னல் மாறுகிறது. நான் அசோகா அல்வா வாங்கித் துறை முழுவதும் கொடுத்தேன். அவர் ஒரு மாதம் முழுக்கக் கசிவைத் தேடினார், கிடைக்கவில்லை. எக்ஸ்ரேயில் கலப்பு எதுவும் தெரியவில்லை. ஒன்றிரண்டு சதவீதக் கலப்பு அதில் ஒளிந்துகொள்ளும் என்பது இருவருக்குமே தெரியும். கட்டுரை நல்ல பத்திரிகையில் வெளியானது. மாதிரியைத் தயாரித்தது யார் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். எப்போதும் தயாரிப்பவர் என்பதால் அவர் பெயரை நான் எழுதினேன். அன்று அதில் எந்தக் கள்ளமும் இல்லை. இப்போது அதைச் சொல்லி என்ன பயன்?

சித்திரையில் ஆய்வகத்தின் ஏ.சி. செத்தது. அதைச் சரிசெய்ய எழுதிய கடிதங்கள் எங்கே போயின என்பது தனிக் கதை. வியர்த்துக்கொண்டே அளந்தோம். சிக்னல் இல்லை. ஒயரை மாற்றினோம், வில்லையை மாற்றினோம், இல்லவே இல்லை. காலையில் ஏழு மணிக்கு வந்து அளந்தால் கொஞ்சம் இருக்கிறது, பத்து மணிக்குக் காணாமல் போகிறது. மருதையன் சார் சுவரில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டிவிட்டு ஆடாத நாற்காலியில் உட்கார்ந்தார். "மேடம், இது மார்கழியில வருது, சித்திரையில போகுது. முப்பத்து நாலு டிகிரியில சரியா நிக்குது. இது நம்ம பொருளோட நம்பர் இல்ல. குரோமியம் ஆக்ஸைடோட நம்பர்." அறை வெப்பத்தில் காந்தமும் மின்னும் கைகோக்கும் வித்தையை அந்தப் பச்சைத் தூள் தானாகவே செய்யும். அது பழைய பாடப் புத்தகங்களிலேயே இருக்கிற செய்தி. எங்கள் வில்லைக்குள் மிஞ்சிக் கிடந்த குரோமியம்தான் எங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

அவர் கட்டுரையைத் திரும்பப் பெறலாம் என்றார். நான் ஆடித் தீர்த்தேன். "யாரு சார் இதைக் கண்டுபிடிக்கப் போறாங்க? அடுத்த மாசம் எனக்கு பேராசிரியர் இன்டர்வியூ இருக்கு." "நாம கண்டுபிடிச்சிட்டோமே மேடம்" என்றார். உலகத்திலேயே பதில் சொல்ல முடியாத வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்துப் பேசுவதில் அவரைப் போல யாரும் கிடையாது. கடிதம் எழுதி என்னிடம் காட்டினார். "மாதிரியைத் தயாரித்ததில் எங்களால் பிழை நேர்ந்தது" என்று இருந்தது. எங்களால். நான் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது பலருக்குத் தெரியும், பாதிதான் தெரியும். படிவத்தில் இருந்தது அவர் பெயர். ஆகவே பிழையும் அவருடையது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அடுத்த மாத நேர்காணலுக்கு இருவருமே போனோம்; குழு அதைப் பற்றி அவரைக் கேட்டது, என்னைக் கேட்கவில்லை. உத்தரவு வர இரண்டு ஆண்டு ஆனது, நான் பேராசிரியர் ஆனேன். அவர் இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார். ஒரு நாள் ஆசிரியர் அறையில் ஒருவர், பெயர் வேண்டாம், என்னிடம் சாவகாசமாகச் சொன்னார்: "கோட்டாவுல வந்தா இப்படித்தான் மேடம். வேலையில சுத்தம் இருக்காது." அப்போதுதான் மருதையன் சார் இரண்டு டீ கிளாஸோடு உள்ளே வந்தார். கேட்டிருப்பார், கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு கிளாஸை என் முன்னால் வைத்தார். நிலம் வைத்திருந்த குத்தாலத்துக் குடும்பத்தில் பிறந்தவள், சோம்பலில் தூளைச் சுடாமல் நிறுத்தவள், அங்கே உட்கார்ந்து டீயில் மிதந்த ஆடையை விரலால் எடுத்துக்கொண்டிருந்தேன். "டீ ஆறுது மேடம், குடிங்க" என்றார்.

இத்தனை ஆண்டுகளும் அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். ஒரு தடவை கேட்டிருக்கலாமே. "மேடம், அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், சொல்லியிருப்பேன், அப்போதே முடிந்திருக்கும். கேட்காமலே என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, என் வில்லைகளையும் சேர்த்து அரைத்துக் கொடுத்து, பொங்கலுக்குப் புதுப் பச்சரிசி கொண்டுவந்து கொடுத்தார். அவருக்குத் தெரியாது என்று சில நாள் தோன்றும். தெரியும் என்று சில நாள் தோன்றும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மனுஷியைப் பதினோரு ஆண்டுகள் தவிக்க விடுவது என்ன நியாயம் என்று மனசுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது, "பழைய ரெஜிஸ்டர்ல சில வரி காலியாக் கெடக்கு மேடம். நேரம் கெடச்சாப் பாருங்க" என்றார். யாரோ மாணவர்கள் விட்டது என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கவில்லை.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ஆய்வகத்தைத் திறந்தேன். பழைய பதிவேடு உலைக்குப் பின்னால் தூசியோடு இருந்தது. அந்த ஐப்பசி மாதத்தைத் தேடிப் புரட்டினேன். தேதி அவர் கையெழுத்தில் இருந்தது, பக்கத்தில் தொடக்க மீட்டர் எண். மீதி வரி முழுவதும் காலி. நான் சுட்டுவிட்டு எழுத மறந்துவிட்டேன் என்று நம்பி, ஊரிலிருந்து திரும்பியதும் முந்தைய வரியின் முடிவு எண்ணையே தொடக்க எண்ணாகப் போட்டு எனக்காக விட்டிருக்கிறார். மூன்று நாள் கழித்து அடுத்த வரியில் அவரே உலையைப் போட்டிருக்கிறார். அங்கேயும் தொடக்க எண் அதே எண். இடையில் உலை ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. எழுதிய அன்று அதை அவர் கவனித்திருக்க மாட்டார். என் வார்த்தையை நம்பியவர் ஏன் கவனிக்க வேண்டும்? ஆனால் பிறகு எப்போதோ வந்து பார்த்திருக்கிறார். இரண்டு எண்களின் கீழும் பென்சிலால் மெல்லிய கோடு. வேறு ஒரு சொல்லும் இல்லை.

ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரியை நிரப்பினேன். பொருள்: நியோடிமியம் ஆக்ஸைடு. வெப்பநிலை: சுடவில்லை. எடை போட்டது: நான். கீழே கையெழுத்தும், நிரப்பிய நாளின் தேதியும். பதிவேடு ஆய்வகத்தில்தான் இருக்கிறது. துறைத் தலைவர் வந்து பார்க்கட்டும், அன்று ஆசிரியர் அறையில் கோட்டா என்று பேசியவர் வந்து பார்க்கட்டும். ஒரு நகலைச் செல்வியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு நகலை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "இதை அவங்க இருக்கும்போதே எழுதியிருக்கலாமே மேடம்" என்றார். எழுதியிருக்கலாம்.

அவர் என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்ற குறையோடுதான் இந்தக் கட்டுரையை முடிப்பதாக இருந்தேன். எழுதி வரும்போதுதான் அது பொய் என்று தெரிகிறது. அவர் கேட்டார். மழைக்கு நடுவே ரோட்டில் நின்று, காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே கேட்டார். நான்தான் "ஆச்சு" என்றேன். எனக்கு இன்னும் ஏழு மாதப் பணி மிச்சம் இருக்கிறது. தராசின் முன்னால் யார் வந்து நின்றாலும் அவருடைய அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். "சுட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் பதில் சொன்ன பிறகு, எழுந்துபோய் மீட்டரைப் பார்க்கிறேன்.